இரண்டு இலட்சம் ரூபா வழிகாட்டிக்கு எங்கள் ஒழுங்கை தெரியுமா?

மோட்டார் சைக்கிளின் கைபிடியில் பூட்டும் செய்மதி வழிகாட்டிக் கருவிகளைப் பற்றி யாழ்ப்பாணத்தில் இப்போது அடிக்கடி விசாரிக்கிறார்கள். கார்மின் நிறுவனம் 2020இல் வெளியிட்ட சூமோ எக்ஸ்.ரி. என்ற கருவி அமெரிக்காவில் சுமார் 500 டொலருக்கு விற்பனைக்கு வந்தது. 2023இல் வந்த எக்ஸ்.ரி.2 சுமார் 600 டொலர். ஒரு டொலரை 300 ரூபா என்று வைத்தால் 180,000 ரூபா. அதன்மேல் 18 சதவீதப் பெறுமதி சேர் வரியை மட்டும் போட்டாலே 212,400 ரூபாவாகிவிடும். சுங்கத் தீர்வையும் அனுப்பும் செலவும் கடைக்காரரின் இலாபமும் இந்தக் கணக்கில் இல்லை. 2025 ஏப்ரலில் இந்த நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 27,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அப்படிப் பார்த்தால் இது ஏறத்தாழ எட்டு மாதச் சம்பளம்.

இந்தக் கேள்வி இப்போது எழுவதற்குக் காரணம் உண்டு. 2020 மார்ச்சில் தொடங்கிய வாகன இறக்குமதித் தடை 2025 பெப்ரவரியில்தான் தனிப்பட்ட வாகனங்களுக்கு நீங்கியது. ஐந்து வருடங்களாகப் பழைய மோட்டார் சைக்கிளைத் திருத்தித் திருத்தி ஓடியவர்கள் புதிது வாங்கத் தொடங்கினார்கள். அதோடு அதில் பூட்டும் பொருட்களிலும் ஆசை வந்தது. வார இறுதியில் கூட்டமாக மலையகம் போகும் இளைஞர்கள், நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து வந்து மோட்டார் சைக்கிள் வாடகைக்கு எடுப்பவர்கள், செயலிகள் மூலம் சாப்பாடும் பொதிகளும் கொண்டுபோய்க் கொடுக்கும் பெடியள் என மூன்று தரப்பும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். கைத்தொலைபேசி இருக்கும்போது இந்தக் கருவி தேவையா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தென்மராட்சியில் ஓடுகிற பெரும்பாலானவர்களுக்குத் தேவையில்லை. ஆனால் ஏன் தேவையில்லை என்று பார்க்கப் போனால், கருவியை விடப் பெரிய ஒரு குறை எங்கள் ஊரில் இருப்பது தெரியவரும். இந்தக் கட்டுரை அதைப் பற்றியும்தான்.

வானத்திலிருந்து வருவது எல்லோருக்கும் ஒன்றுதான்

விலை கூடிய கருவி செய்மதியோடு நன்றாகப் 'பேசும்', கைத்தொலைபேசிக்கு அது குறைவு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இரண்டும் செய்மதியோடு பேசுவதில்லை. கேட்க மட்டுமே செய்கின்றன. அமெரிக்காவின் ஜி.பி.எஸ். செய்மதிகள் ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றியபடி நேரத்தையும் தங்கள் இருப்பிடத்தையும் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கின்றன. குறைந்தது நான்கு செய்மதிகளின் சமிக்ஞை கிடைத்தால், அவை வந்துசேர்ந்த நேர வித்தியாசத்தை வைத்துக் கருவி தன் இடத்தைக் கணக்கிடும். இதற்குக் காசு இல்லை. டேட்டாவும் தேவையில்லை. டேட்டா முடிந்தால் வரைபடம் வராமல் போகலாமே தவிர, நீங்கள் நிற்கும் இடம் தெரியாமல் போகாது. ரஷ்யாவின் குளொனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகியவற்றின் சமிக்ஞைகளையும் இன்றைய கைத்தொலைபேசிகளில் பல வாங்குகின்றன. திறந்த வானத்தின் கீழ் ஒரு கைத்தொலைபேசி காட்டும் இடம் பொதுவாக ஐந்து மீற்றருக்குள் சரியாக இருக்கும் என்று அமெரிக்க அரசே கூறுகின்றது. வயல்வெளியும் பனந்தோப்புமான எங்கள் பகுதியில் அதை மறைக்கப் பெரிய கட்டடங்களும் இல்லை.

இந்தத் துல்லியம் எப்போதும் பொதுமக்களுக்குக் கிடைத்ததல்ல. முன்னர் அமெரிக்க இராணுவம் பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழையைச் சேர்த்து வைத்திருந்தது. காட்டப்படும் இடம் நூறு மீற்றர் வரை விலகியிருக்கும். அந்தப் பிழையை நீக்கும்படி ஜனாதிபதி பில் கிளின்டன் உத்தரவிட்டது 2000ஆம் ஆண்டு மே 1ஆம் திகதி. இன்று கையில் இருக்கும் வழிகாட்டிகள் எல்லாவற்றுக்கும் வாசல் திறந்த நாள் அது. ஆனையிறவு அதற்குச் சில நாட்கள் முன்னர்தான், ஏப்ரல் 22இல், வீழ்ந்திருந்தது. அந்த மே மாதத்தில் தென்மராட்சிச் சனம் சாமான் சக்கட்டோடு வீட்டை விட்டு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தது. உலகம் வழி கண்டுபிடிக்கத் தொடங்கிய மாதத்தில் எங்களுக்குப் போக வழி இருக்கவில்லை. இதைச் சொல்வது ஒப்பாரி வைக்க அல்ல. எங்கள் வீதிகள் வரைபடத்தில் ஏன் பிந்தி வந்தன என்பதற்கு இது முக்கியம்.

கருவி எதற்குக் காசு வாங்குகிறது?

சமிக்ஞை ஒன்றே என்றால் 600 டொலர் எதற்கு? உடலுக்கு. மழையில் நனையலாம், கையுறையோடு தொடலாம், வெயிலில் திரை தெரியும், அதிர்வைத் தாங்கும், மோட்டார் சைக்கிளின் பற்றரியிலிருந்தே மின்சாரம் எடுக்கும். இவை வெறும் விளம்பரப் பேச்சல்ல. ஐபோனைப் பாவிக்கும்போது சுற்றுவட்ட வெப்பநிலை 35 பாகை செல்சியசுக்கு மேல் போகக்கூடாது என்று அப்பிள் நிறுவனம் கூறுகின்றது. பங்குனி, சித்திரை மத்தியான வெயிலில் கறுப்புக் கண்ணாடியோடு கைபிடியில் கிடக்கும் போன் அந்த எல்லையை எளிதாகத் தாண்டும். 2021 செப்டெம்பரில் அதே நிறுவனம் இன்னொரு எச்சரிக்கையும் விட்டது. வலுக்கூடிய மோட்டார் சைக்கிள் இயந்திரத்தின் அதிர்வு கைபிடி வழியாகப் போனுக்குப் போனால், கமெராவின் நிலைப்படுத்தும் பகுதி பழுதாகலாம் என்பது அதன் சாரம்.

வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் ஒருவர் இப்படியொரு கருவியை மூன்று கிழமை என்னிடம் விட்டுப் போனார். நிறுவனப் பெயர் இங்கே வேண்டாம். நான் அதையும் என் சாதாரண அன்ட்ரொயிட் போனையும் பக்கத்தில் பக்கத்தில் பூட்டிக்கொண்டு ஓடினேன். சாவகச்சேரியிலிருந்து தனங்கிளப்பு, கேரதீவு வழியாகச் சங்குப்பிட்டிப் பாலம் வரை ஒரு நாள். கொடிகாமத்திலிருந்து கச்சாய்க்கு ஒரு நாள். வரணி, மட்டுவில், சரசாலைப் பக்கம் பல நாட்கள். கடல்நீரேரி ஓரத்து வெயிலில் கருவியின் திரை பளிச்சென்று தெரிந்தது. போன் சூடாகித் தானாகவே மங்கியது. மழையில் கருவியை மறந்துவிட்டு ஓடலாம். போனுக்குப் பொலித்தீன் பை தேட வேண்டும். இந்த இரண்டிலும் கருவிக்குத்தான் புள்ளி.

ஆனால் நான் நிற்கும் இடத்தைக் காட்டுவதில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பிரதான வீதியை விட்டு உள்ளே இறங்கிய பின்னர் இரண்டும் ஒரேபோல் தடுமாறின. சில இடங்களில் கருவியின் திரையில் நான் வெறும் வெளியில் நின்றேன். ஒழுங்கையே அதில் இல்லை.

விலாசம் என்றால் படலைதான்

இங்கே பொதி கொண்டுவரும் ஒருவருக்கும் வீட்டுக்காரருக்கும் நடக்கும் உரையாடல் பெரும்பாலும் இப்படித்தான் போகும்.

"அக்கா, எங்கை வாறது? மப்பிலை வேறை இடம் காட்டுது."

"மப்பை விடு தம்பி. வைரவர் கோயிலடியாலை உள்ளுக்கை வந்து, மதவு தாண்டி, ரெண்டாவது ஒழுங்கை. நீலப் படலை. வாசல்லை நிக்கிறன்."

இதில் வீதியின் பெயர் இல்லை. வீட்டு இலக்கம் இல்லை. இருப்பதெல்லாம் கோயில், மதவு, படலையின் நிறம். தபால்காரருக்கு இது போதும், அவருக்கு ஆளையே தெரியும். கிராம அலுவலர் பிரிவுக்கு இலக்கம் உண்டு, ஆனால் ஒரு பிரிவுக்குள் நூற்றுக்கணக்கான வீடுகள். செய்மதி எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், போக வேண்டிய இடத்துக்கு ஒரு பெயரோ இலக்கமோ இல்லாவிட்டால் கருவியில் எதைப் போட்டுத் தேடுவது?

பெயர் இருக்கும் இடங்களிலும் சிக்கல் உண்டு. வரைபடங்களில் பெயர்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் ஏறியிருக்கின்றன. வரணியின் கடைசி எழுத்தை ஒருவர் 'ஐ' என்பார், மற்றவர் 'வை' என்பார். சாவகச்சேரியில் 'எச்' எத்தனை, 'சி' எத்தனை என்று எங்களுக்கே தகராறு. மட்டுவிலுக்கு இரண்டு 'டி'யா இரண்டு 'ரி'யா? தேடுபவர் ஒருவிதமாகவும் வரைபடத்தில் ஏற்றியவர் இன்னொரு விதமாகவும் எழுதியிருந்தால் ஊரே இல்லை என்று பதில் வரும். தமிழில் தட்டெழுதித் தேடினால் சில இடங்களில் கிடைக்கிறது, சில இடங்களில் தமிழ்ப் பெயரே ஏற்றப்படவில்லை.

இதற்குப் பின்னால் காலமும் இருக்கிறது. திறந்த வீதிவரைபடம் என்ற ஓப்பன்ஸ்ரீற்மப் 2004இல் தொடங்கியது. கூகுள் வரைபடம் 2005இல் வந்தது. 2009 ஒக்டோபரில் கூகுள் திருப்பத்துக்குத் திருப்பம் வழி சொல்லும் வசதியைப் போனில் இலவசமாகக் கொடுத்தபோது, கார்மின், ரொம்ரொம் நிறுவனங்களின் பங்கு விலைகள் அன்றே சரிந்தன. உலக வீதிகள் இப்படி அளக்கப்பட்டுக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில் ஏ9 வீதி மூடியிருந்தது. 2006 ஓகஸ்டில் பூட்டிய பாதை போர் முடிந்த பிறகுதான் பொதுமக்களுக்குத் திறந்தது. சங்குப்பிட்டிப் பாலம் 2011 ஜனவரியில் வந்தது. ரயில் 2014 ஒக்டோபரில் மீண்டும் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது. ஊரே திரும்பிக் குடியேறிக்கொண்டிருந்தபோது ஒழுங்கைக்குப் பெயர் வைப்பது யாருக்கும் அவசர வேலையாக இருக்கவில்லை.

அதற்கு முன்னும் எங்களுக்கு வரைபடம் வழி சொல்லியதில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய தலைமுறை, வாய்ச்சொல்லிலேயே பாதை கேட்டுப் போனது. கிளாலிக் கடல்நீரேரியை இருட்டில் கடந்தவர்கள் ஓட்டியின் கண்ணை நம்பினார்கள். அந்த அறிவு உள்ளூராருக்கு இன்றும் போதும். ஆனால் இன்று வீட்டுக்கு வருபவர் உள்ளூராராக இருக்க வேண்டியதில்லை.

திரையை நம்புவதன் விலை

2024 நவம்பரில் இந்தியாவின் உத்தரப் பிரதேசத்தில், பரேலிக்கு அருகே ராம்கங்கா ஆற்றின் மேல் ஒரு பகுதி உடைந்து நின்ற பாலத்திலிருந்து கார் விழுந்து மூவர் இறந்தனர். அவர்கள் கைத்தொலைபேசி வரைபடத்தைப் பார்த்து வந்தவர்கள். பாலத்தின் ஒரு பகுதியை வெள்ளம் முன்னரே கொண்டுபோயிருந்தது. வரைபடத்துக்கு அது தெரியாது. பாலத்தின் முகப்பில் தடுப்பும் போதுமானதாக இருக்கவில்லை.

எங்களுக்கு இது தூரத்துக் கதையல்ல. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைத் தாக்கியபோது நாடெங்கும் வீதிகளும் பாலங்களும் உடைந்தன. மலையகத்தில் பல இடங்களில் தொலைபேசி வலையமைப்பும் விழுந்தது. அப்படியான நாளில் இரண்டு இலட்சம் ரூபாக் கருவியின் வரைபடமும் நேற்றைய வீதியைத்தான் காட்டும். போனாவது இணைப்புக் கிடைத்தவுடன் புதுத் தகவலை எடுக்கும்.

உள்ளூரிலும் வரைபடம் சொல்லாதவை இருக்கின்றன. தென்மராட்சியில் ரயில் பாதையைக் கடக்கும் சிறு வீதிகள் பல. அவற்றில் காவலாளி இல்லாத கடவைகளும் உண்டு. நான் ஓடிய நாட்களில் கருவியோ போனோ ஒரு கடவைக்கும் என்னை எச்சரிக்கவில்லை. கிழக்கே முகமாலை, போருக்குப் பின் உலகின் மிகச் செறிவான கண்ணிவெடி வயல்களில் ஒன்றாகச் சொல்லப்பட்ட இடம். திரையில் அது வெறும் பச்சை. அங்கே சிவப்பு மண்டையோட்டுப் பலகை சொல்வதுதான் வரைபடம்.

பார்வை வேறு. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும்போது இரண்டு விநாடி திரையைப் பார்த்தால், ஏறத்தாழ 28 மீற்றர் தூரத்தைப் பார்க்காமலே கடந்துவிடுவீர்கள். கொடிகாமச் சந்தையடியில் அந்தத் தூரத்துக்குள் ஒரு சைக்கிள், ஒரு மாடு, ஒரு ஓட்டோ எல்லாம் குறுக்கே வந்துவிடும். பெரிய திரை என்றால் பார்வை கொஞ்சம் சீக்கிரம் வீதிக்குத் திரும்பும், அவ்வளவுதான். ஓடும்போது போனைக் கையில் எடுப்பது சட்டப்படியும் குற்றம்.

அப்படியானால் யார் வாங்கலாம்?

மூன்று வகையினருக்கு இந்தக் கருவி பெறுமதியானது என்பேன். ஒன்று, மாதத்தில் பல நாட்கள் மழையிலும் வெயிலிலும் நீண்ட தூரம் ஓடுபவர்கள். இரண்டு, சுற்றுலாப் பயணிகளைக் குழுவாக அழைத்துச்சென்று அதில் வருமானம் பார்ப்பவர்கள். மூன்று, வெளிநாட்டில் வாழ்ந்து அங்கே நெடுந்தூரம் ஓடும் எங்கள் உறவுகள். இவர்களும் வாங்குவதற்கு முன் ஒன்றைக் கேட்க வேண்டும். இதில் இலங்கை வரைபடம் இருக்கிறதா, எப்போது புதுப்பித்தது? இல்லாவிட்டால் ஓப்பன்ஸ்ரீற்மப்பிலிருந்து செய்த இலவச வரைபடங்களைக் கார்மின் கருவிகளில் ஏற்ற முடியும். அது தெரியாமல் வாங்கினால் கையில் இருப்பது விலையுயர்ந்த கடிகாரம்.

மற்றவர்களுக்கு வழி எளிது. அதிர்வை உறிஞ்சும் நல்ல தாங்கி ஒன்று, நீர் புகாத மின்னேற்றி ஒன்று. வீட்டில் சும்மா கிடக்கும் பழைய போனை அதில் பூட்டுங்கள், நல்ல போன் சட்டைப்பையில் இருக்கட்டும். சிம் இல்லாத போனும் செய்மதிச் சமிக்ஞையை வாங்கும். ஓஸ்ம்அன்ட், ஓர்கானிக் மப்ஸ் போன்ற இலவசச் செயலிகளில் இலங்கை முழுவதையும் முன்கூட்டியே இறக்கி வைத்தால் டேட்டா இல்லாமலே வழி சொல்லும். கூகுளிலும் இறக்கி வைக்கலாம், நெரிசல் தகவல் வராது. திரையை விட்டு, ஒரு காதில் குரலைக் கேட்டு ஓடுவது நல்லது. மிச்சக் காசில் நல்ல தலைக்கவசம் ஒன்றும் இரண்டு புது ரயரும் வாங்கினாலும் இன்னும் காசு மிஞ்சும். உயிரைக் காப்பது அவைதான்.

செயலியில் ஓடும் பெடியளின் நிலை வேறு. அவர்களுக்குப் போன் தொழிற்கருவி. வெயிலில் அது கருகினாலும் மழையில் நனைந்தாலும் நட்டம் அவர்களுடையது. வழி தேடித் திரியும் பெற்றோலும் அவர்களுடையது. இவர்களைப் பார்த்து 'நல்ல கருவி வாங்கு' என்று சொல்வதில் நியாயமில்லை. ஒழுங்கைக்குப் பெயர் இல்லாத குறையை ஒவ்வொரு நாளும் தங்கள் காசில் ஈடுகட்டுபவர்கள் இவர்களே.

பெயர்ப்பலகை நடுவது யார்?

2018 ஜூலையில் 1990 சுவசெரிய இலவச அம்புலன்ஸ் சேவை வடக்குக்கு வந்தது. அழைத்தால் வருகிறார்கள். ஆனால் நெஞ்சுவலியோடு கிடக்கும் தகப்பனின் பக்கத்தில் நின்றுகொண்டு 'மதவு தாண்டி ரெண்டாவது ஒழுங்கை' என்று விளங்கப்படுத்துவது எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதை யோசித்துப் பாருங்கள். பொதி பத்து நிமிடம் பிந்தினால் சோறு ஆறும். அம்புலன்ஸ் பத்து நிமிடம் பிந்தினால் நடப்பது வேறு.

2025 மே 6ஆம் திகதி நடந்த உள்ளூராட்சித் தேர்தலின் பின்னர் சாவகச்சேரி நகரசபையிலும் பிரதேச சபையிலும் தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர்கள் இருக்கிறார்கள். ஒழுங்கைகளுக்குச் சனம் ஏற்கெனவே சொல்லும் பெயரையே பதிவு செய்து, மும்மொழியிலும் ஒரே எழுத்துக்கூட்டலில் பலகை நட்டு, வீடுகளுக்கு வரிசையாக இலக்கம் கொடுப்பது சபைகள் கையில் எடுக்கக்கூடிய வேலை. அந்தப் பட்டியலைப் பொதுவில் வெளியிட்டால், வரைபடத்தில் ஏற்றுவதற்குத் தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்களும் ஊர் இளைஞர்களும் போதும். ஓப்பன்ஸ்ரீற்மப்பில் எவரும் கணக்குத் திறந்து தன் ஒழுங்கையைத் தமிழில் எழுதலாம். அதிலிருந்து செய்யும் எல்லாச் செயலிகளுக்கும், விலை கூடிய கருவிகளுக்கும் கூட, அந்தப் பெயர் போய்ச் சேரும்.

சபை செய்யும் வரை வீட்டுக்காரர் செய்யக்கூடியதும் உண்டு. கூகுள் வரைபடத்தில் உங்கள் வீட்டின் மேல் விரலை வைத்து அழுத்தினால் பிளஸ் கோட் என்ற சிறு குறியீடு வரும். அது உங்கள் வீடு இருக்கும் இடத்தைச் சுட்டும். அதை எழுதி படலையிலும் தொலைபேசி அருகிலும் ஒட்டி வையுங்கள். வீட்டில் உள்ள முதியவருக்கும் அது இருக்கும் இடத்தைக் காட்டிக் கொடுங்கள். செலவு ஒரு துண்டுக் கடதாசி.

அதன் பிறகும் இரண்டு இலட்சம் ரூபாவுக்குக் கருவி வேண்டும் என்று தோன்றினால் தாராளமாக வாங்கலாம். அப்போதாவது அது காட்டுவதற்கு எங்கள் ஊரில் ஒரு பெயர் இருக்கும்.